பிரேமலதாவின் இரண்டாம் தவணை

பிரேமலதாவின் கதைகளைக் கடைசிவரை கேட்கிறவர்கள் இப்போது பிள்ளைக்காம்பராவில் மட்டும்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. கடைசிவரை என்பதும் கொஞ்சம் மிகைதான். இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதற்குள் தொட்டில்களில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்கத்தானே தோட்டம் உனக்குச் சம்பளம் தருகிறது என்று பக்கத்துக் காம்பராக் கருப்பாயி கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் தான் உயிரைக் கொடுத்து எழுதிய கதை நல்ல தாலாட்டாக வேலை செய்கிறது என்பது எந்த எழுத்தாளருக்கும் இனிக்கிற செய்தி இல்லை.

மாவனல்லையிலிருந்து மேலே ஏறும் பாதையில், றப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கும் மொட்டைப்பாறைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. றப்பர்ப் பால் வெட்டப் போகும் தாய்மார் விடியக்காலையில் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவ வேண்டும், ஊட்ட வேண்டும், ஒன்றை ஒன்று கடிக்காமல் பிரித்து வைக்க வேண்டும். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் முதலில் தங்கச்சிக்காகத் தள்ளிப்போனது. பிறகு அம்மாவின் நோய்க்காகத் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தங்கச்சி புருஷனோடு கொழும்பில் இருக்கிறாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் பிரேமலதாவும் ஒரு ரேடியோவும்தான்.

எழுத்துப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் வானொலிக்கு ஒரு கதை அனுப்பினாள். அதை வாசித்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வாசகர் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று வரத் தொடங்கியது. தோட்டத்தில் இதை யாரும் பெரிதாகக் கொண்டாடவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. கொஞ்சம் பயப்பட்டார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு அவள் வந்தால், "ஏய், பாத்துப் பேசுங்க, எழுதிப்புடும்," என்று சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளும் அவள் தனியாகத்தான் நின்றாள்.

அப்படி இருந்தவளிடம்தான் சிவகௌரி டீச்சர் வந்து சேர்ந்தாள். சாவகச்சேரிப் பக்கத்துப் பெண். பிரேமலதாவைவிட ஒன்பது வயது இளையவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் கிடைத்து, குளிரையும் அட்டையையும் திட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். முன்னர் வந்த சில ஆசிரியர்கள் லயத்து வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. இவள் முதல் கிழமையே பிரேமலதாவின் அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டாள். பேப்பரில் வந்த கதைகளைப் படித்திருக்கிறாளாம். தானும் எழுதுவாளாம். யாருக்கும் காட்டியதில்லையாம். அன்றிலிருந்து டீச்சருக்கு அவள் "பிரேமாக்கா" ஆனாள். அவளுக்கு டீச்சர் டீச்சர்தான்.

நான்கு வருடம் இரண்டு பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வருடம் பிறக்கும்போது, இந்த வருடம் என்ன எழுதுவது என்று ஆளாளுக்குச் சொல்லி, கலண்டரின் பின்பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதிவிடுவார்கள். ஆடி பிறப்பதற்கு முன், ஜூலை முதல் ஞாயிறு, அதைக் கழற்றிக் கீழே விரித்துக்கொண்டு உட்காருவார்கள். எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எதை வெட்டி எறியலாம், மிச்சமிருக்கும் ஆறு மாதத்துக்கு எதைப் புதிதாக வைத்துக்கொள்ளலாம் என்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அப்போது இரண்டாம் தவணைச் சோதனை நடக்கும் காலம். அதனால் இதற்கும் அதே பெயர். டீச்சர் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனையையே கொண்டுவருவாள்.

அந்த ஞாயிறுகளில் அவர்கள் சிரித்த சிரிப்பு லயம் முழுக்கக் கேட்கும். ஒரு வருடம் பிரேமலதா நாவல் எழுதுவதாகச் சொல்லியிருந்தாள். ஜூலையில் அது குறுநாவலாகி, பேசிப்பேசி ஒரு சிறுகதையாகி, கடைசியில் "முதல்ல தலைப்ப வைக்கிறேங்க டீச்சர்" என்று வந்து நின்றது. ஆனால் சிரிப்பு முடிந்ததும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்: "ஏன் எழுதேல்லை எண்டு நான் கேக்கேல்லை அக்கா. எழுதினதை வாசியுங்கோ." இவள் வாசிப்பாள். நடுவில் டீச்சரின் விரல் ஒன்று மேலே எழும்பும். "இந்த இடத்திலை நடிக்கிறியள்." பிரேமலதாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள். மூன்றாம் நாள் பார்த்தால் டீச்சர் சொன்ன இடம்தான் பொய்யாக இருக்கும். அடித்துவிட்டுத் திருப்பி எழுதுவாள். பேப்பரில் வந்த நல்ல கதைகள் எல்லாம் அந்த விரலுக்குப் பயந்து எழுதியவைதான்.

போன டிசம்பரில் டீச்சருக்கு ஊருக்கே மாற்றம் கிடைத்தது. கிடைத்தவள் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா, பட்டாள். பிரேமலதாவும் சந்தோஷப்பட்டுக் காட்டினாள். போவதற்கு முன்னரே புது வருடத்துக் கணக்கைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். மாவனல்லையில் அச்சகம் வைத்திருக்கும் நிலாம் நானா, கல்யாணக் கார்டும் துண்டுப் பிரசுரமும் அடித்துச் சலித்துப்போய், ஒரு கதைப் புத்தகம் அடிக்க ஆசைப்பட்டார். புரட்டாதிக்குள் பன்னிரண்டு கதை கொண்டுவந்தால் தன் செலவிலேயே அடித்துத் தருவதாக டீச்சர் முன்னாலேயே வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே பிரேமலதாவின் பத்தியில் பன்னிரண்டு கதை. டீச்சரின் பத்தியில் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு நீண்ட கதை.

ரம்புக்கனை ஸ்டேஷனில் பிரேமலதா டீச்சரை ரயில் ஏற்றிவிட்டாள். பொல்காவலையில் இறங்கி யாழ்ப்பாண ரயிலுக்கு மாற வேண்டும். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு டீச்சர் சொன்னாள்: "ஜூலையிலை கதைப்பம் அக்கா. ரெண்டாந் தவணை இருக்கு, மறந்திடாதேங்கோ."

"சரிங்க டீச்சர்," என்றாள் பிரேமலதா.

ஃபோனில் கதைப்போம் என்றார்கள். யார் கோல் எடுத்துக் கூப்பிடுவது என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. பிரேமலதாவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. டீச்சர்தான் எடுப்பாள். தோட்டத்தில் அது எழுதாத சட்டம். துரைக்கோ, டாக்டருக்கோ, கிளாக்கருக்கோ, டீச்சருக்கோ தாமாகக் கோல் எடுத்துப் பேசிவிட மாட்டார்கள். அவசரம் என்றால் இரண்டு தரம் மணியடிக்க விட்டு வெட்டிவிடுவார்கள். நேரம் இருந்தால் அவர்களே திருப்பி எடுப்பார்கள். முழுதாக அடிக்க விடுவது, பெரிய வீட்டுக் கதவைத் திறக்கும்வரை தட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. இது பயமில்லை, மரியாதை என்பார்கள். இந்தப் பழக்கத்தைக் கிழிகிழியென்று கிழித்து பிரேமலதாவே ஒரு கதை எழுதியிருக்கிறாள், அது பேப்பரிலும் வந்தது. எழுதுகிற கைக்கு இருந்த துணிச்சல் ஃபோனை அழுத்துகிற விரலுக்கு வரவில்லை, என்ன செய்வது.

ஆகவே ஆறு மாதமும் அவள் ஒவ்வொரு விடியலிலும் ஒரு படம் அனுப்பினாள். திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வெள்ளி அம்மன், மற்ற நாட்களில் தாமரைப் பூ. கீழே 'இனிய காலை வணக்கம்' என்று மினுமினுக்கும். டீச்சரிடமிருந்து கும்பிட்ட கைகள் இரண்டு வரும். அவ்வளவுதான். நான்கு வருடம் வாய் ஓயாமல் பேசிய இரண்டு பேர் ஆறு மாதமாக சாமி படமும் கும்பிடுமாகக் காலம் தள்ளினார்கள். சித்திரையில் ஒருநாள் புதுக் கதையின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பப் பார்த்தாள். கேட்காமல் அனுப்பினால் டீச்சர் தலையில் வேலையைக் கட்டுவதாகிவிடும், பாவம், அவங்களுக்குத் திருத்துற வேலையே மலைபோல இருக்கும் என்று நினைத்து அழித்துவிட்டாள். பதிலாக ஒரு பிள்ளையாரை அனுப்பினாள்.

எழுத்து என்னவோ நகரவே இல்லை. நேரம் இல்லாமல் அல்ல. விடியலில் மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை, தாய்மார் வீட்டில் நிற்பார்கள், பிள்ளைக்காம்பரா வெறிச்சென்று கிடக்கும். வைகாசியும் ஆனியும் மழை கொட்டித் தீர்த்தது. பிரேமலதா கொப்பியும் பேனையுமாகக் காலித் தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பத்தி எழுதுவாள். இது உண்மையா, நடிப்பா என்று அவளுக்கே தெரியாது. பேசாமல் வேறொரு கதையைத் தொடங்குவாள்.

ஒருநாள் மனம் கேட்காமல் கருப்பாயியைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் யாருக்காகவோ காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. கருப்பாயி வெற்றிலையை மென்றபடி நன்றாகத்தான் கேட்டாள்.

"இது நம்ம மேட்டு லயத்து ராசாத்திதானே?" என்றாள்.

"இல்லக்கா. சும்மா ஒரு பொம்பளை."

"சும்மா ஒரு பொம்பள எங்கடி இருக்கா? அவளேதான். அவளுக்குத் தெரிஞ்சுச்சு, ஒன்னய உண்டு இல்லன்னு ஆக்கிப்புடுவா." கொஞ்ச நேரம் மென்றாள். "கத நல்லாத்தான் இருக்கு புள்ள. கடசில அவளுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லயா?"

"அது கதையில இல்லக்கா."

"அப்ப முடிக்கலன்னு சொல்லு. சரி, முடிச்சிட்டுக் கூப்புடு," என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். பிரேமலதாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கருப்பாயி அன்பாகத்தான் கேட்டாள். அந்த அன்பை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது என்பதுதான் கஷ்டம்.

ஜூலை முதல் ஞாயிறு வந்தது. தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான். காலையில் குளித்து, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, கலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். நல்ல சேலை எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீடியோவில் எடுத்தாலும் எடுப்பாங்க என்று ஒரு நினைப்பு இருந்திருக்கலாம்.

தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "என்ன லதா, மாப்புள கோல் எடுக்கிறாரா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்து வைத்தாள். மத்தியானம் வெயில் வந்தது, பிறகு மழை இருட்டியது. ஃபோன் இரண்டு தரம் சத்தம் போட்டது. ஒன்று ஃபோன் கம்பனிக்காரனின் விளம்பரம். மற்றது கொழும்புத் தங்கச்சி. மீன் குழம்புக்குக் கொறக்காப்புளி எவ்வளவு போடுவது என்று கேட்டாள். இலவு காத்த கிளியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது ஒரு முட்டாள் கிளி என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்பை அன்று மாற்றிக்கொண்டாள்.

மழை தொடங்கியதும் வீட்டுக்கு வந்து, கலண்டரைத் தரையில் விரித்து, இரண்டாம் தவணையைத் தனியாகவே நடத்தப் பார்த்தாள். முடிந்தது ஒன்று. பாதியில் நிற்பது மூன்று. மிச்சம் எல்லாம் வெறும் நம்பர். எழுதினதை வாசியுங்கோ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் குரலில் அந்தத் தமிழ் பொருந்தவில்லை. முடிந்த ஒன்றைச் சத்தமாக வாசித்தாள். விரல் எழும்பவில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது, நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. பன்னிரண்டை அடித்து எட்டு என்று எழுதினாள். எட்டை அடித்து ஐந்து என்றாள். பிறகு ஐந்தையும் அடித்தாள். தனியாகச் சாப்பிடுவதும் தனியாகத் தூங்குவதும் அவளுக்கு என்றோ பழகிப்போனவை. தனியாக எழுதுவதுதான் பழக மாட்டேன் என்கிறது. டீச்சர் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தாள். வாய்விட்டு அழுதாள். மழைச் சத்தத்தில் கருப்பாயிக்குக் கேட்டிருக்காது.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி மாவனல்லைக்குப் போனாள். புத்தகம் வராது என்று நிலாம் நானாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். மனுஷன் காகிதம்கூட ஒதுக்கி வைத்திருப்பார், காக்க வைப்பது பாவம். முடித்த ஒரு கதையை மட்டும் பையில் வைத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போனதாக இல்லாமல் அதையாவது கொடுத்துவிட்டு வரலாம்.

நிலாம் நானா மெஷினுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் அறிவித்தல் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாங்க தங்கச்சி, வாங்க. ஒங்களப் பத்தித்தான் போன மாசமும் பேச்சு. டீச்சர் கோல் எடுத்தாங்க."

"எந்த டீச்சருங்க?"

"எந்த டீச்சர்? எங்கட சிவகௌரி டீச்சர்தான். பிரேமாக்காட புத்தகம் எந்த மட்டுல ஈக்கிதெண்டு கேட்டாங்க. நான் செல்லினேன், அவ ஒரே எழுத்துதான், தலைய நிமித்தவும் நேரமில்ல, யாரும் கரைச்சல் குடுக்க வாணாம் எண்டு."

"அப்படி நான் சொல்லலயே நானா."

"பின்ன என்னத்தச் செல்ல? ஒரு கதையும் வரல்ல எண்டு செல்லி ஒங்கட பேரக் கெடுக்கவா? நல்லதுக்குத்தானே செல்லினேன்." நல்லது செய்துவிட்ட திருப்தியில் அவர் முகம் மலர்ந்தே இருந்தது. "நீங்க என்னமோ செல்ல வந்தீங்களே, செல்லுங்க."

"இருங்க நானா. ஒரு கோல் எடுத்துட்டு வந்துடுறேன்," என்று அவள் வெளியே வந்துவிட்டாள்.

அச்சகத்து வாசலில் நின்றால் எதிரே கண்டி வீதி. பஸ்கள் நிறுத்தாமல் ஹோன் அடித்தன. "கேகல்ல, கேகல்ல, கொளம்ப" என்று கொண்டக்டர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். பேச இதைவிட மோசமான இடம் கிடைக்காது. ஆனால் வேறு இடம் தேடப் போனால் மனம் மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தினாள். ஒரு தரம் மணி அடித்தது. இரண்டாம் தரமும் அடித்தது. விரல் தன் பழக்கத்தில் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடிக்கட்டும் என்று விட்டாள்.

"அக்கா? என்னக்கா, ஆருக்கும் ஏதும் நடந்ததே?" டீச்சரின் குரலில் பதற்றம் இருந்தது.

"இல்லங்க டீச்சர். சும்மாதாங்க எடுத்தேன்."

"நீங்கள் ஒரு நாளும் சும்மா எடுக்கிறேல்லையே."

"இரண்டாந் தவணைங்க. போன ஞாயிறு."

டீச்சர் மெல்லச் சொன்னாள்: "தெரியும். அண்டைக்கு முழுக்க ஃபோனைக் கையிலை வச்சுக்கொண்டு திரிஞ்சனான். அம்மா பேசினவ, சோத்தைத் திண்டிட்டு ஃபோனைப் பாரெண்டு."

"நானும் தாங்கிக்கிட்டயே உக்காந்திருந்தேங்க. அந்திவரைக்கும்."

"அப்ப ஏன் எடுக்கேல்லை?"

"டீச்சருக்கு நான் எப்படிங்க எடுக்கிறது?"

ஒரு கொழும்பு பஸ் பிரேக் போட்டு நின்று, ஆள் ஏற்றி, புகை கக்கிக்கொண்டு போனது.

"நாலு வருசம் உங்கடை அடுப்படியிலை இருந்து ரொட்டி திண்டனான். அக்கா, அக்கா எண்டு கூப்பிட்டது சும்மாவே?"

"நீங்க அக்கான்னு கூப்பிட்டீங்க. நான் டீச்சர்னுதானேங்க கூப்பிட்டேன்." யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான், இதைத்தான் ஆறு மாதமாகச் சொல்ல இருந்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

டீச்சர் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாகியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி. எத்தினை முடிச்சனீங்கள்?" என்றாள்.

"ஒண்ணுங்க."

"நிலாம் நானா சொன்னாரே…"

"அவரு என் மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்லியிருக்காருங்க. பன்னெண்டுல ஒண்ணுதான். புத்தகம் வராதுன்னு சொல்லத்தான் இப்ப வந்து நிக்கிறேன்."

"நான் ஒண்டும் எழுதேல்லை அக்கா. ஒரு வரிகூட. என்ரை பத்தியை முழுசா வெட்டிப் போடுங்கோ." பிறகு, வேகமாக, நிறுத்தினால் சொல்ல முடியாது என்பதுபோலச் சொன்னாள்: "எனக்குக் கலியாணப் பதிவு தையிலை முடிஞ்சது. லண்டன் மாப்பிள்ளை. விசாவும் வந்திட்டுது. ஐப்பசி முடிய லண்டனுக்குப் போறன். அதாலைதான் நானும் எடுக்கேல்லை. எழுதேல்லை எண்டு சொல்லலாம், நீங்கள் சிரிப்பியள். போறன் எண்டு சொல்ல வாய் வரேல்லை."

நல்ல செய்தி. நல்ல செய்திக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை பிரேமலதா சொன்னாள். சந்தோஷங்க, நல்லா இருங்க, மாப்பிள்ளை என்ன செய்றாரு என்று கேட்டாள். கேட்கும்போதே அச்சகத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல சேலை இல்லை அன்றைக்கு, அதனால் பரவாயில்லை.

"லண்டன்ல இருந்தும் ஃபோன்ல பேசலாந்தானேங்க," என்றாள் கடைசியாக.

"பேசலாம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போறவை. எனக்கு என்னைத் தெரியும் அக்கா. இஞ்சை இருந்தே ஆறு மாசம் கும்பிட்ட கைதான் அனுப்பினனான்." இதைச் சொல்ல டீச்சருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள். அடுத்தவள் கதையில் பொய் பிடிக்கிறவள் தன் விஷயத்தில் மட்டும் பொய் சொல்ல முடியாது என்று நினைத்திருக்கலாம். "அதை விடுங்கோ. அந்த ஒண்டு கையிலை இருக்கே? வாசியுங்கோ."

"இங்கயாங்க? நடு ரோட்டுலங்க."

"எனக்குக் கேக்குது. வாசியுங்கோ."

பிரேமலதா பையிலிருந்து தாள்களை எடுத்தாள். ஒரு காதில் ஃபோனை அழுத்தி, மறு காதைத் தோளால் மூடி, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவளின் கதையை வாசிக்கத் தொடங்கினாள். பஸ் வந்தால் குரலை உயர்த்தினாள். பஸ் போனதும் தாழ்த்தினாள். கல்யாணக் கார்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் அவளைச் சுற்றிக்கொண்டு படியேறியது. யாரிடமோ சண்டை பிடிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் கவனிக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு, தான் வாசிக்கும் ஒவ்வொரு வரியும் எங்கேயோ போய் விழுவது அவளுக்குக் கேட்டது.

"நிப்பாட்டுங்கோ," என்றாள் டீச்சர், கடைசிப் பக்கத்தில். "அவள் அந்தத் தாதிக்குக் கோபப்படுற இடம். அதிலை நடிக்கிறியள். அவளுக்குக் கோபம் வரேல்லை. கேக்க வெக்கம்."

பிரேமலதாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று சண்டை பிடிக்க வேண்டும்போல இருந்தது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, நடுத்தெருவில் தொண்டை கிழிய வாசித்தவளிடம் பேசுகிற பேச்சா இது. அப்படிக் கோபம் வந்ததில் அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

"திருப்பி எழுதுறேங்க," என்றாள். "அடுத்த ஞாயிறு வாசிக்கிறேன். நானே எடுக்கிறேங்க."

"எடுங்கோ. அதுக்குப் பிறகு ரெண்டு கிழமைக்கு ஒண்டு. போற மட்டும் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

ஃபோனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் படியிலேயே இருந்தாள். ஆடி, ஆவணி, புரட்டாதி, ஐப்பசி என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். பாதியில் நிற்கும் மூன்றை முடிக்கலாம். அதற்கு மேல் புதிதாக இரண்டு, மிஞ்சிப்போனால். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நிலாம் நானா இன்னும் அதே அறிவித்தலில்தான் குனிந்திருந்தார். "என்ன தங்கச்சி, கண்ணெல்லாம் செவந்திக்கிது? நல்ல செய்திதானே?"

"நல்ல செய்திதாங்க. டீச்சருக்குக் கல்யாணம். லண்டனுக்குப் போறாங்க."

"மாஷா அல்லாஹ். நல்ல புள்ள அது." கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "இப்ப செல்லுங்க, என்னத்துக்கு வந்தீங்க?"

"புத்தகம் போடுறது பத்தித்தாங்க. புரட்டாதிக்கு ஏலாது. ஐப்பசில தாறேன். ஆறு கததாங்க வரும்."

"ஆறா? பன்னெண்டு எண்டுதானே பேச்சு. ஆறுல புத்தகம் மெலிஞ்சுல்லா போகும்." அவர் விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைப் புரட்டினார். "ஒண்டும் அவசரமில்ல. அடுத்த வருஷம் மத்த ஆறயும் எழுதுங்க. பன்னெண்டயும் சேத்து நல்ல தடியா ஒண்டு அடிப்போம்."

"இல்லங்க நானா, ஆறே போதும்," என்றாள் பிரேமலதா. "ஐப்பசிக்குப் பொறகு வாசிச்சுக் காட்ட எனக்கு ஆளில்லங்க."